நாற்பத்தோரு வாய்தா

எளிமையின் இருப்பிடம், பறவைகளின் தோழர், ஏழைகளின் வழக்கறிஞர் என்று வக்கீல் சங்கத் தலைவர் மைக்கில் சொல்லச் சொல்ல ஹெப்சிபாவுக்கு உள்ளங்கால் எரிந்தது. மாசி மாதத்து நாலரை மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாக வரி வரியாக வந்து அவள் மடியில் விழுந்து கிடந்தது. முன்வரிசையில் நடு நாற்காலி. மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக், இவளுக்கு மட்டும் மெத்தை வைத்தது. புருஷன் செத்து ஐம்பத்திரண்டு நாளில் கிடைத்த மெத்தை. மேடையில் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள், அதற்குப் பின்னால் அவர் படம். மின்விசிறிக் காற்றில் துணி விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. இப்போது சட்டையின் ஓரம் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. மதுரம் சார் பெயருக்கேற்ற இனிமையானவர் என்றார் தலைவர். இதை இன்றைக்கு மூன்றாவது ஆள் சொல்கிறார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றைக்கு அப்பாவும் இதையேதான் சொன்னார், பேருக்கேத்த பையன்ட்டி, சாலமோன் மதுரம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசல பாரு. அதிர்ந்து பேசியிருக்கலாமே அப்பா. ஒரு தடவையாவது பேசியிருக்கலாமே. இனிப்பாக இருந்தால் எறும்பு மொய்க்காமல் என்ன செய்யும்? பறவைகளின் தோழராம். கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள், விடியுமுன்னே எழுப்பி, ஸ்கூட்டரில் உட்கார வைத்து, அல்லிமடைக் குளத்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சேலை, புதுச் செருப்பு, கணுக்கால் வரைக்கும் சேறு. எச்ச நாற்றம். இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, நான் எண்ணுதேன், நீ எழுது ஹெப்சி என்றார். ஏறக்குறைய முன்னூறு நாரை. அதென்ன ஏறக்குறைய? கணக்கு டீச்சர் அவள். ஏறக்குறையன்னு நான் எழுதமாட்டேன், எண்ணிச் சொல்லுங்க என்றாள். அவர் சிரித்துவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். இருநூற்று எண்பத்தேழு. அதற்குப் பிறகு எத்தனை தை மாதம் அந்தக் கரையில் நின்று எழுதியிருப்பாள். பறவைகளுக்கு அவரை அடையாளம் தெரியும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் வந்தாலும் பறந்தன, அவர் இல்லாவிட்டாலும் பறக்கும். அதில் ஒன்றுகூட மாதா கோயில் தெரு வீட்டுக்கு வந்து துக்கம் கேட்கவில்லை. இந்த ஆட்கள் எல்லாரும் வந்தார்கள்.

தலைவர் இன்னும் முடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். வெள்ளத்தில் தம் உயிரையும் பொருட்படுத்தாமல் என்று ஆரம்பித்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கேட்கக் கூடாது, கேட்டால் அந்த பூட்ஸ் வந்துவிடும், முழங்கால் வரைக்குமான கறுப்பு ரப்பர் பூட்ஸ், வந்தேவிட்டது. கடைகடையாக ஏறி இவள்தான் வாங்கினாள். மார்கழி மழை மூன்றாம் நாளாக நிற்காமல் பெய்து, குளம் நிரம்பி, கீழ்க்காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று சேதி வந்த காலையில், அறுபத்தொரு வயசு மனுஷர் லாரி ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். இதைப் போட்டுக்கிட்டுப் போங்க, சாக்கடைத் தண்ணியும் சேர்ந்து வரும் என்று குனிந்து இவளே மாட்டிவிட்டாள். சாயங்காலம் வெறுங்காலோடு வந்து நின்றார். எங்க பூட்ஸ்? மாடத்திக்குக் குடுத்துட்டேன், சாக்கடை அள்ளுத பிள்ளை, கால்ல புண்ணு ஹெப்சி. உங்க கால்ல என்ன இருக்கு, பித்தவெடிப்பு விரல் நுழையும்போல இருக்கே. எனக்குத்தான் செருப்பு இருக்கே என்றார். அந்தச் செருப்பும் தண்ணீரோடு போயிருந்தது. மூன்று நாள், வெறுங்காலோடு. கிழவிகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும் ட்யூபில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், ஒரு மாத்திரை போட்டால் போகும் என்றார். கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர், வெடிப்பு வழியாக ஏறியிருக்கிறது, சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அப்புறம் ஐந்து நாள்தான். கர்த்தர் தம் உண்மையுள்ள ஊழியனை அழைத்துக்கொண்டார் என்று போதகர் கல்லறையில் சொன்னபோது, எந்தக் கர்த்தர், எலி மூத்திரத்தில் வந்த கர்த்தரா என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். விழுங்கினது வயிற்றில் கிடந்து புளித்து, மறுநாள் மாடத்தி வாசலில் வந்து நின்றபோது வெளியே வந்தது. அந்தப் பெண் பூட்ஸைக் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஐயாவுக்குள்ளது, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சரம்மா. எதுக்கு கொண்டாந்த, யாரு போடுததுக்கு, யாரு காலு இருக்கு இங்க, என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள் ஹெப்சிபா. மாடத்தி பையை எடுத்துக்கொண்டு போனாள். கால் இன்னும் ஆறவில்லை, சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையும் காரணமில்லாமல் அடித்ததில்லை என்று பெருமை அடித்துக்கொண்டவள். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்காமல் சாக்கடை அள்ளுகிறவளைக் கேட்டாள். அவரைக் கேட்டிருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவரை. நீங்க இரக்கப்பட்டீங்க, சரி, அந்த இரக்கத்தில் எனக்குப் பங்கு கிடையாதா? உலகத்துக்கெல்லாம் வக்காலத்து வாங்கினீங்களே, எனக்கு யார் வக்காலத்து?

அடுத்து நம் மூத்த வழக்கறிஞர், மறைந்த சாருடைய நெடுநாள் நண்பர், திரு. சங்கரநயினார் அவர்கள் என்று அழைத்தார்கள். நெடுநாள் நண்பர். ஹெப்சிபா நிமிர்ந்தாள். சங்கரநயினார் முதுகை நிமிர்த்தாமலே எழுந்தார், நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது, மேடைப் படியில் ஏறும்போது ஒரு ஜூனியர் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். நேரில் பார்த்ததைவிடப் புருஷனுடைய டைரியில் அதிகம் பார்த்திருக்கிறாள். அவர் செத்த பிறகு ஒன்பது வருஷத்து டைரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, அல்லிமடைக் குளத்து வழக்கு எத்தனை தடவை கோர்ட்டுக்கு வந்தது, எத்தனை தடவை தள்ளிப்போனது என்று விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தோரு வாய்தா. ஏறக்குறைய இல்லை, நாற்பத்தொன்று. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறிப் போகிற மறுகால் ஓடையை மண்ணடித்து மூடி, ஒரு கல்யாண மண்டபக்காரர் கார் நிறுத்த இடம் போட்டார். மதுரம் தன் பெயரிலேயே வழக்குப் போட்டார், வாதியும் தானே, வக்கீலும் தானே. மண்டபக்காரருக்கு வக்கீல் சங்கரநயினார். முதுகுவலி, வாய்தா. மைத்துனர் வீட்டுச் சடங்கு, வாய்தா. வழக்குக் கட்டு காணவில்லை, வாய்தா. வரைபடம் தெளிவாக இல்லை, வாய்தா. டைரியில் அவருடைய பொடி எழுத்து. வாய்தா என்று எழுதி அதற்குக் கீழேயே காலையில் எண்ணின பறவைக் கணக்கு, பாம்புத்தாரா ஆறு. வாய்தா. அரிவாள்மூக்கன் நாற்பது. வாய்தா. கூழைக்கடா இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது, பாவம் நயினாருக்கு உட்கார முடியல ஹெப்சி, எழும்பினா உட்காரக் கஷ்டம், உட்கார்ந்தா எழும்பக் கஷ்டம் என்பார். நீங்க எதிர்க்கலியா? எதிர்த்தேன். அப்புறம்? அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சோம். டீயா? ஏன், அவர் கட்சிக்காரருக்கு அவர் செய்யுதாரு, நான் குளத்துக்குச் செய்யுதேன், அதுக்காக மனுஷன் மனுஷனோட டீ குடிக்கக் கூடாதா? சட்டம்னா அதுதான் ஹெப்சி, சண்டை போடவும் செய்யணும், கை குலுக்கவும் செய்யணும். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் ஜெபம் பண்ணுகிற குரலாகிவிடும். மெதுவாத்தான் வரும், ஆனா வரும். தண்ணீர் மட்டும் மெதுவாக வரவில்லை. மார்கழி மாசம் குளம் நிரம்பி, போக ஓடை இல்லாமல், கரை மீறி, ஒரே ராத்திரியில் கீழ்க்காலனிக்குள் இறங்கியது. வாய்தா கேட்காமல் இறங்கியது.

என் அருமைச் சகோதரர் மதுரம் என்று ஆரம்பித்தார் சங்கரநயினார். குரல் கரகரத்தது. நிஜமாகவே கரகரத்தது, அதுதான் ஹெப்சிபாவுக்குத் தாங்கவில்லை. நடித்தால் ஒரு வழியாக வெறுத்துவிடலாம். இவர் நிஜமாகவே அழுகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். எங்களுக்குள் வழக்கு உண்டு, வருத்தம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து முதுகு எப்படி இருக்கு நயினார் என்று கேட்டார் என்றார். ஹாலில் ஒரு பெருமூச்சு ஓடியது. ஆமாம், கேட்டார். இவள் பக்கத்தில்தான் நின்றாள். வாயில் ரத்தக் கசிவு, பேசினால் உதடு வெடிக்கிறது, அப்போது கேட்கிறார் முதுகு எப்படி இருக்கு என்று. அன்றைக்கே அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நினைத்தாள், இந்த மனுஷருக்குக் கோபமே வராதா, கர்த்தர் வைக்காமலே படைத்துவிட்டாரா. வந்திருக்கிறது, ஒரே ஒரு தடவை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்க்க யாரோ ஜெயில் கைதியின் அம்மா வந்து நின்றாள், இவள் வாசலிலேயே, ஐயா இல்லையே என்று சொல்லிவிட்டாள், பாதிச் சாப்பாட்டில் எழுப்பக் கூடாது என்றுதான். இருக்கேன், இருக்கேன் என்று எச்சில் கையோடு ஓடிவந்தார். அந்த அம்மா போன பிறகு இவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவரே காப்பி போட்டுக் குடித்தார், இவளைக் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவர் கோபம், ஒரு டம்ளர் காப்பி அளவு. அவருக்கு வராத கோபமெல்லாம் எங்கே போகும்? முப்பத்து நாலு வருஷமாக இந்த வீட்டில் அது இவளிடம்தான் வந்து சேர்ந்தது. அவர் மன்னித்த ஒவ்வொரு ஆளையும் இவள் மன்னிக்காமல் வைத்திருந்தாள். யாராவது ஒருத்தர் வைத்திருக்க வேண்டாமா? சங்கரநயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மதுரம் சமாதானப் பிரியர், அவர் பெயரில் வழக்கு இனியும் நடந்துகொண்டிருப்பது அவருடைய ஆத்மாவுக்கு அழகல்ல என்று நினைக்கிறேன் என்றார். குளக்கரையில் சாலமோன் மதுரம் நினைவுப் பறவைப் பூங்கா ஒன்று அமைத்துத்தர நண்பர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள், பெஞ்சு, சிமெண்டில் நாரை, குழந்தைகளுக்கு ஊஞ்சல், எல்லாம் சுமுகமாக. கைதட்டினார்கள். துக்கக் கூட்டத்தில் கைதட்டலாமா என்று யோசித்துக் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள்.

சிமெண்டில் நாரை. நண்பர்கள் சிலர் என்றால் யார்? பின்னாலிருந்து குமாஸ்தா முத்துசிவன் குனிந்தார், இருபத்தேழு வருஷமாக மதுரத்தோடு இருந்தவர், வெற்றிலை வாசம். “அம்மா, நான் வீட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன். பதினாலாந்தேதி கேசு லிஸ்ட்ல வருது. ஐயாதான் வாதி. அவிய இறந்த நாள்லேருந்து தொண்ணூறு நாளைக்குள்ள வேற ஆளு உள்ள வந்து சேரலைன்னா கேசு தன்னால அத்துப்போயிரும்.”

“அவருக்குத் தெரியுமா?” மேடையைக் கண்ணால் காட்டினாள்.

“தெரியாமலா இருக்கும்? நம்மளவிட அவருதாம்மா நாள எண்ணிக்கிட்டு இருப்பாரு.”

“காலனிக்காரங்க?”

“பயப்படுதாவ. மண்டபத்துலதான் பாதிப் பேருக்கு வேலை, பந்தி பரிமாற, பாத்திரம் கழுவ.”

அப்படியானால் பூங்கா வரும், வழக்கு அற்றுப்போகும், ஓடை மூடியே கிடக்கும், அடுத்த மழைக்கு மறுபடியும் தண்ணீர் காலனிக்குள் இறங்கும், ஊஞ்சலும் சிமெண்டு நாரையும் கரைமேல் பத்திரமாக இருக்கும், நாரையின் காலடியில் அவர் பெயர். இதற்கு அவர் என்ன சொல்வார்? அதையும் நல்ல மனசோடதான் செய்யுதாவ ஹெப்சி என்பார். சொல்வார், நிச்சயமாகச் சொல்வார். அதை நினைத்ததும் அவர்மேலேயே வந்த கோபம், செத்துப்போன மனுஷர் மேலேயே வந்த கோபம், காதுமடல்வரை சுட்டது. இல்லை. இருங்கள். அவர் நாற்பத்தோரு தடவையும் போனாரே? டீ குடித்தார், சரி, ஆனால் ஒரு தடவையாவது போகாமல் இருந்தாரா? காய்ச்சல் ஆரம்பித்த அன்றைக்கும் கோர்ட்டுக்குக் கிளம்பினார், இவள்தான் கோட்டைப் பிடுங்கி வைத்தாள். விட்டுக்கொடுக்கிறவர் விட்டுவிடவில்லை. இதை ஏன் இத்தனை நாளாக அவள் யோசிக்கவேயில்லை?

படத்தைத் திறந்துவைக்க அம்மா அவர்களை அன்போடு அழைக்கிறோம். எழுந்தாள். சேலை நாற்காலியில் மாட்டியது, முத்துசிவன் எடுத்துவிட்டார். மூன்று படி. கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், சிவப்பு நாடா, இழுத்தாள். துணி சரிந்தது. யார் இது? மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருப்பார் அவர், வெயிலில் நின்று நின்று பிடரியெல்லாம் தீய்ந்திருக்கும். படத்தில் வெளுத்து ரோஜா நிறமாக இருந்தார். முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும், அதை நேராக்கியிருந்தார்கள். அவர் சிரித்தால் முதலில் தெரிவது அந்தப் பல்தான், அவள் முதலில் பார்த்ததும் அதைத்தான். தலைமயிரையும் கறுப்பாக்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை வைத்து, எங்கேயோ மேலே பார்க்கவிட்டிருந்தார்கள். குளக்கரையில் எடுத்த போட்டோ அது. மேலே அவர் பார்த்துக்கொண்டிருந்தது பறவையை, அதை வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் நோட்டோடு நின்ற இவளையும் வெட்டிவிட்டார்கள். சங்கரநயினார் பக்கத்தில் வந்து, “தங்கச்சி, ரெண்டு வார்த்தை. முடியலன்னா வேண்டாம்” என்று மெதுவாகச் சொல்லி மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திவைத்தார். ரெண்டு வார்த்தை. அவள் மைக்கைப் பிடித்தாள். கறுப்புக் கோட்டுகள் எல்லாம் அவளைப் பார்த்தன. பல்லை ஏன் மாத்தினீங்க என்று கேட்கலாம். யார் அந்த நண்பர்கள் என்று கேட்கலாம். நாற்பத்தொன்றையும் தேதியோடு சொல்ல முடியும் அவளால், மனப்பாடமாக இருக்கிறது, சொன்னால் முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். சொன்னால் என்ன நடக்கும்? பாவம், மனசு உடைஞ்சுபோச்சு என்பார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்த ஹாலில் சொன்னது எதுவும் எங்கேயும் பதிவாகாது, அவர் சொல்வார், கோர்ட்டுக்கு வெளிய சொன்னதுக்கு மதிப்பே கிடையாது ஹெப்சி, எழுத்துல குடுக்கணும், எதிர்த்தரப்பு வாங்கிப் படிக்கணும். வாய் திறந்தது, மூடியது. மின்விசிறிச் சத்தம் மட்டும். நேரம் போகப்போக ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள், பின்வரிசையில் ஒரு பெண் வக்கீல் கண்ணைத் துடைத்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் மைக்கைவிட்டு இறங்கி வந்தாள்.

“பேப்பர் இருக்கா?” என்று முத்துசிவனிடம் கேட்டாள்.

“எந்தப் பேப்பரும்மா?”

“அத்துப்போகாம இருக்கதுக்குள்ள பேப்பர்.”

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு மாடிப் படியிறங்கி முன்னால் நடந்தார். கோர்ட் வராந்தாவில் டைப் அடிக்கிறவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் மதுரத்தின் பெயர்ப்பலகை இன்னும் கழற்றாத மேஜை. முத்துசிவன் இழுப்பறையைத் திறந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார், ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது, பெயர் போட வேண்டிய இடம் மட்டும் காலி. யாராவது வருவார்கள் என்று அடித்து வைத்திருக்கிறார் மனுஷர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவால் நிரப்பினார். “ஹெப்சிபா. வயது?” ஐம்பத்தெட்டு. “தொழில், ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் பெயர்.” அந்த இடத்தில் நிறுத்தி, அவளைப் பார்க்காமல், காலஞ்சென்ற என்று எழுதி அதற்கப்புறம் பெயரை எழுதினார். அவள் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலம் தானாகவா சென்றது? ஒன்பது வருஷம் உட்கார்ந்து கடத்தினார்கள். மாடியிலிருந்து நாற்காலி இழுக்கிற சத்தம், டீ வந்துவிட்டது போல, பேச்சும் லேசான சிரிப்பும். சங்கரநயினார் படியில் இறங்கி வருவது தெரிந்தது, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, வலி நிஜம்தான், கையில் ஒரு பேப்பர் கப்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவளுக்காகத்தான் கொண்டுவருகிறார். “தங்கச்சி, டீகூடக் குடிக்காம வந்துட்டியளே” என்றவர் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். தலைகீழாக இருந்தாலும் நாற்பது வருஷ அனுபவம், ஒரு பார்வையில் படித்துவிட்டார். கப்பை மேஜையோரத்தில் வைத்தார். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, அலையணும், வெயில்ல நிக்கணும். நிதானமா யோசிங்க” என்றார், குரலில் நிஜமான இரக்கத்தோடு.

“உங்க முதுகு எப்படி இருக்கு சார்?” என்று கேட்டாள் ஹெப்சிபா.

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

“பதினாலாந்தேதிக்குள்ள பாத்துக்கிடுங்க. அன்னைக்கு வாய்தா வேண்டாம்.”

அவர் வாசல் பக்கமாகத் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முத்துசிவன் தொண்டையைச் செருமினார். “அம்மா, நானும் சொல்லுதேன்னு நெனச்சுக்கிடாதிய. இது கோவத்துல போடுத கையெழுத்தா இருந்துரக் கூடாது. வீட்ல போயி ஜெபம் பண்ணி, வெளியூர்ல இருக்க மகள்கிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசி, காலைல போட்டாலும் போதும்.”

“கோவத்துலதான் போடுதேன்” என்றாள் அவள். “அவிய அன்போட போட்டாவ. ஒன்பது வருசம் இழுத்தாச்சு. கோவத்துல போட்டா எத்தனை வருசம் இழுக்காவன்னு பாப்போம். எங்க போடணும்?”

அவர் விரலை வைத்துக் காட்டினார், மூன்று இடம். பேனா முள் காகிதத்தைக் கீறுகிற அளவுக்கு அழுத்தி, முழுப்பெயரையும் எழுதினாள்.